உங்களுக்குத் தெரியுமா? கைதேர்ந்த நிபுணர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை!

தன்பால் ஈர்ப்பை மருத்துவ உலகம் மனநோய் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர், தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் 30 பேர் என 60 பேருக்கு உளவியல் சோதனைகள் நடத்தினார். யாருடையது என்று சொல்லாமல் விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அந்தச் சோதனைகளில் ஒன்றான மைக்கறைச் சோதனையின் விடைகளை வைத்து யார் எந்தப் பிரிவு என்று அவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மனநலத்திலும் இரு பிரிவும் சமமே!

• வயது, படிப்பு, அறிவுத்திறன் மூன்றிலும் பொருந்துகிறவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்திருந்தார்.

• அன்று அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் தன்பால் உறவு குற்றம். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுத் தோட்டத்து அறையிலேயே ஆய்வில் பங்கேற்றவர்களைச் சந்தித்தார். யார் கண்ணிலும் படாமல் வந்து, மனம்விட்டுப் பேசிப் போனார்கள். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது!

• இந்த ஆய்வுக்கு விதை போட்டவர், தன்பால் ஈர்ப்புள்ள அவருடைய மாணவர் ஒருவர். "எங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று விடாமல் கேட்டவர் அவர்தான்.

• கட்டுரை வெளியானது 1957இல். மனநோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது 1973இல்.