காருக்கும் கை உண்டு!

மனிதனுக்குக் கை இரண்டு. சில மோட்டார் கார்களுக்குப் பின்பக்கம் மட்டும் கை பத்து!

வேடிக்கை அல்ல, உண்மைதான். செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ. கார் தொழிற்சாலை நடக்கிறது. அங்கே பூட்டப்படும் 3 சீரிஸ் காரில், ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. இந்தக் கைகளுக்கு 'கன்ட்ரோல் ஆர்ம்' என்று பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக 'ஆர்ம்' என்பார்கள்.

சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கலாம். ஆனால் கோணல்மாணலாகத் திரும்பக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கைகளின் வேலை.

எல்லாக் காரிலும் இவை உண்டா? இல்லை. பழைய அம்பாசடர் காரில் பின்பக்கம் கமான் பட்டைதான். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இரு பின்சக்கரங்களையும் ஒரே இரும்புச் சட்டம் இணைக்கிறது. ஆகவே, கடைக்குப் போகுமுன் காருக்கு அடியில் பாருங்கள். இல்லாத கையை வாங்க முடியாது அல்லவா?

இளைஞரின் ஆசை

இடையஞ்சாவடியில் ஓர் இளைஞர் பழைய 3 சீரிஸ் கார் ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே கடல். வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். ஓட்டிப் பார்க்க கிழக்குக் கடற்கரைச் சாலை. கேட்க வேண்டுமா? சிறிய ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தினார். பார்க்க அழகாக இருந்தது. வளைவில் கார் சாயவில்லை.

சில மாதம் கழிந்தது. டயரின் வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் வழுக்கை!

காரணம் என்ன? கார் தாழ்ந்ததும் பின்சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்துவிட்டது. இதைக் 'கேம்பர்' என்பார்கள். சக்கரத்தின் முகமும் சற்றுத் திரும்பியிருக்கும். இது 'டோ'. டயரை வேகமாகத் தின்பது இந்த இரண்டாவது கோளாறுதான். உள்பக்கத் தேய்மானம் நின்று பார்த்தால் தெரியாது. வேகமாகப் போகும்போது டயர் வெடித்தால்தான் தெரியும்!

இந்த இளைஞருக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் தேவை. நடுவில் உள்ள மரையைத் திருகினால் கை நீளும், குறுகும். சக்கரம் நேராகும். காரைத் தாழ்த்தாதவருக்கோ இது வீண் செலவு. பழைய புஷ்ஷை மாற்றினாலே போதும். கார் புதிதுபோல் ஓடும்.

மூட்டுதான் முக்கியம்

ஆர்ம் வாங்குகிறவர்கள் அதன் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூட்டை! கையின் இரு முனையிலும் உள்ள மூட்டு மூன்று வகை.

ரப்பர் புஷ்: அதிர்ச்சியை விழுங்கும். சத்தம் இராது. குடும்பத்துடன் போகிறவர்களுக்கு இதுவே நல்லது.

பாலியூரித்தேன் புஷ்: ரப்பரைவிடக் கெட்டி. கார் சொன்னபடி கேட்கும். அதிர்வு சற்று அதிகம். கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும்.

உலோக உருண்டை மூட்டு: பந்தயக் காருக்கு உகந்தது. துளியும் அசையாது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் தெரியும். மணலும் உப்பும் புகுந்தால் சீக்கிரம் தேய்ந்து 'லொட லொட' என்று ஆடும். கடற்கரை ஊர்க்காரர் இதை வாங்குவதானால், மேலே ரப்பர் உறை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உப்பு என்ன செய்யும்?

உப்புக் காற்று இரும்புக்கு எமன். இரும்பு ஆர்மில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அலுமினியத்தில் செந்துரு வராது. ஆனால் இரும்பு போல்ட் நுழையும் இடத்தில் உப்பு நீர் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஆகவே இரண்டிலும் கவனம் வேண்டும்.

இரும்பானால் கெட்டியான பவுடர் பூச்சு வேண்டும். நீளம் மாற்றும் மரையில் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ஸ்பானருக்கு அசையாது. வாரம் ஒரு முறை காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செலவில்லாத வைத்தியம் இது!

சிக்கனம் ஆபத்து

பழைய கையை வெட்டிப் பற்றவைத்து நீட்டுவது சிக்கனம்போல் தோன்றும். வேண்டவே வேண்டாம். 3 சீரிஸ் காரில் ஸ்பிரிங் ஒரு கையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காரின் பாரத்தைத் தாங்குகிற கை அது. பற்றவைத்த இடம் விட்டால், சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் உள்ள ஆர்மானால், கார் ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் பாரம் தாங்கி நிற்கும் உயரத்தில்தான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் திருகிக்கொண்டே இருந்து கிழிந்துபோகும். பிறகு, நான்கு சக்கரத்துக்கும் வீல் அலைன்மென்ட் பார்த்தே தீரவேண்டும்.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

வேகம் இளைஞருக்கு ஆசை. தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே காரின் பின் சீட்டில் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்து கடற்கரைக்குப் போவார்கள். அவர்களைத் தாங்கிப் போவது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கைகள்தான். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். பலத்தைப் பார்த்து வாங்குங்கள்!