அச்சுப் பொறிக்குத் தமிழ் தெரியாது

தில்லியில் வேலைக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில் பலர், கணிப்பொறியில் தமிழை முதன்முதலாகப் பார்த்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் காகிதத்தில்தான். பொங்கல் விழா அறிவிப்பு, வாடகைக் குடியிருப்பு சங்கத்தின் சுற்றறிக்கை, நவராத்திரி கொலுவுக்கான அழைப்பு என்று 1990களில் அந்த இயந்திரம் நமக்கு உழைத்தது கொஞ்சமல்ல. அதை இயக்கிய ஒரு வரிக் கட்டளை இன்றைக்கும் நமக்கு உதவக்கூடும் என்பதால் அதைப்பற்றி எழுதுகிறேன்.

அந்தப் பிரிண்டருக்கு ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். 'ஏ' என்பதற்குரிய எண்ணை அனுப்பினால் 'ஏ' அடிக்கும். தமிழுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே ஆதமி போன்ற அன்றைய தமிழ் மென்பொருள்கள் எழுத்தைப் படமாக்கி, புள்ளி புள்ளியாக அனுப்பின. பிரிண்டரின் தலையில் ஒன்பது ஊசிகள். படம் அடிக்கும்போது ஒரு தடவைக்கு எட்டு ஊசிகள் வேலை செய்யும். சாதாரண அடர்த்தியில் எட்டு அங்குல வரிக்கு 480 புள்ளிகள். நம் கொம்பும் சுழியும் எட்டுப் புள்ளி உயரத்துக்குள் அடங்குமா? ஒரு வரிக்கு இரண்டு மூன்று ஓட்டம் ஓடியாக வேண்டும். அத்தனை சத்தமும் தாமதமும் அதனால்தான்.

தமிழ் மென்பொருள் ஒரு கணிப்பொறியில் இருக்கும், பிரிண்டர் வேறொன்றில் இருக்கும். அதற்கும் வழி இருந்தது. அச்சுக்குப் போகவேண்டிய புள்ளிகளைக் கோப்பாகச் சேமித்து, பிளாப்பியில் எடுத்துப்போய், பிரிண்டர் உள்ள இடத்தில் டாஸின் 'காப்பி' கட்டளையால் 'எல்.பி.டி. 1' என்ற வாசலுக்கு அனுப்பிவிடலாம். அங்கே தமிழ் மென்பொருளே தேவையில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டளையோடு ஒரு சாய்கோடும் 'பி' எழுத்தும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 26 என்ற எண் வந்ததும் 'கோப்பு முடிந்தது' என்று டாஸ் நிறுத்திவிடும். படத்தில் 26 என்பது 16, 8, 2 ஆகிய மூன்று ஊசிகள் மட்டும் அடிக்கும் ஒரு சாதாரணக் கோலம். தமிழ் எழுத்துகளில் அடிக்கடி வரக்கூடியது. 'பி' இல்லாமல் அனுப்பிய அழைப்பிதழ் பாதி எழுத்தில் நின்றுபோனதை நண்பர்கள் அலுவலகங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'எல்.பி.டி.' வாசலில் எட்டு பிட்டுகள் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். வேகம் அதிகம், ஆனால் கேபிள் சில மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. 'காம்' எனப்படும் சீரியல் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பிரிண்டர் அடுத்த அறையில் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் 'மோடு' கட்டளையால் கணிப்பொறியின் வேகத்தை, உதாரணமாக 9600 என, பிரிண்டரின் வேகத்தோடு முதலில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஒப்பந்தம் தவறினால் வருவது எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பு மாமி ஒருவர், காலமான கணவரின் பிளாப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். ஊர், குலதெய்வம், முன்னோர் பெயர்கள் எல்லாவற்றையும் அவர் தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். "அவர் எழுதினதை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்பா" என்றார். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவில் போட்டுப் பார்த்தேன். மூலக் கோப்பைத் திறக்க அந்தப் பழைய மென்பொருள் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே 'பி.ஆர்.என்.' என்று முடியும் ஒரு கோப்பு இருந்தது. அது அச்சுக்கென்று சேமித்த புள்ளிகள்! தெரிந்த கடையொன்றின் பில் பிரிண்டருக்கு அனுப்பினேன். பதினொரு பக்கம், ஒரு எழுத்து குறையாமல் வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத பேரனுக்கு மாமி இப்போது அதை வாசித்துக் காட்டுகிறார்.

எழுத்துருவும் குறியீடும் காலத்துக்கு ஒன்றாக மாறிவிட்டன. புள்ளி மாறவில்லை. கார்பன் நகல் தேவைப்படும் பில்களுக்கு ஊசிப் பிரிண்டரை விட்டால் வேறு வழியில்லை என்பதால் அவை இன்னும் விற்பனையாகின்றன. எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் எதுவும் போதும். லேசரிலும் இங்க்ஜெட்டிலும் பெரும்பாலும் இது நடக்காது. விண்டோஸில் பிரிண்டரைப் 'பகிர்வு' செய்து, அந்தப் பெயருக்கே 'காப்பி' கட்டளையை, 'பி'யை மறக்காமல், கொடுக்கலாம். லினக்ஸில் 'எல்.பி.' கட்டளையுடன் 'ரா' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பிளாப்பிகள் இருக்கலாம். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துப் பாருங்கள். முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுங்கள், பிறகு 'பி.ஆர்.என்.' இருக்கிறதா என்று தேடுங்கள். பெரியவர்கள் உங்களுக்காக எழுதி வைத்தது ஏதேனும் அதில் இருக்கக்கூடும்.