மகிழுந்தின் யூஎஸ்பி இணைப்பகம்

மகிழுந்தின் யூஎஸ்பி இணைப்பகம் என்பது டேஷ்போர்டிலோ முன்னிருக்கைகளுக்கு நடுவிலோ பொருத்தப்பட்டுள்ள மின் உறுப்பு ஆகும். இது இருவகைப்படும். மின்னேற்ற வகை, பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கைப்பேசிக்குத் தரும். தரவு வகை, ஒலிக்கருவியோடு இணைந்து பாடல்களையும் கடத்தும். தரவு வகை இருந்த இடத்தில் மின்னேற்ற வகையைப் பொருத்தினால் பாட்டு வராது.

இணைப்பகம் இயங்காவிட்டால் முதலில் அதற்குரிய ஃபியூஸையும் துளையில் படிந்த தூசியையும் பார்க்க வேண்டும். பழுது பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

கழற்றுதல்

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றவும். 12 வோல்ட் ஆளைத் தாக்காது. ஆனால் மின்கம்பி உலோகத்தில் பட்டால் தீப்பொறி எழும்.
2. சுற்றுச்சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் மெல்ல நெம்பவும். ஸ்குரூடிரைவர் கீறலை உண்டாக்கும், கிளிப்பையும் உடைக்கும்.
3. கம்பியை இழுக்காமல், பின்புற இணைப்பியின் பூட்டை அழுத்திப் பிரிக்கவும்.

மஞ்சள் நிற உறையோ இணைப்பியோ உள்ள கம்பிகள் பொதுவாகக் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடக்கூடாது.

பொருத்துதல்

புதிய உறுப்பின் இணைப்பி பழையதை ஒத்திருக்க வேண்டும். 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அதைச் செருகி, பேட்டரியை இணைத்துச் சோதிக்கவும். மின்னேற்றமும் பாட்டும் சரியாக இருந்தால் மட்டுமே சட்டத்தை அழுத்தி மூடவும்.