பரண்மேல் ஏறிவிட்ட ஏணி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய கணினியில் 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, அதிலேயே லினக்ஸ் போட்டேன். பல மாதம் நன்றாக ஓடியது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகவில்லை. டிஸ்க் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். அப்படியா?”

வட்டுக்கு வெளியே படிக்க முயன்றதாக பூட்லோடரான கிரப் பிழைச்செய்தி காட்டியிருந்தால், டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிப் பாருங்கள். அநேகமாக எல்லாக் கோப்புகளும் திறக்கும்.

கோளாறு நடக்கும் கணம் மிகச் சிறியது. கணினியை இயக்கிய அந்த நொடியில் லினக்ஸின் கருவான கெர்னல் இன்னும் வட்டில்தான் கிடக்கிறது. அதை எடுத்துவர வேண்டிய கிரப், செக்டர் எண்ணைச் சொல்லி பயாஸிடம் கேட்கிறது. சில பழைய பயாஸ்களுக்கு யூஎஸ்பி வட்டில் 28 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு செக்டருக்கு 512 பைட் என்றால், ஏறக்குறைய 137 ஜிபி வரைதான் எட்டும். கெர்னல் எழுந்துவிட்டால் தன் சொந்த டிரைவரால் 2 டெராபைட்டையும் படித்துவிடும். ஆனால் அது எழுந்தால்தானே!

குள்ளமான ஒருவர் வீட்டில் உயரமான பரண். ஏணி இருந்தால் பரண் முழுவதும் அவர் கைக்குள். ஏணியோ இடம் கிடைத்த தட்டில் வைக்கப்படுகிறது. கீழ்த்தட்டில் இருந்தவரை தொல்லையில்லை. ஒருநாள் புது ஏணி வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டார்கள். அதை எடுக்க ஏணி வேண்டும். வீட்டில் வேறு ஏணியே இல்லையா? இருக்கிறது: பழைய ஏணி இன்னும் கீழ்த்தட்டிலேயே கிடக்கிறது. குள்ளமானவர்தான் பயாஸ், ஏணிதான் கெர்னல், புது ஏணி அப்டேட்டில் வந்தது. கிரப் மெனு வந்தால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள்; அது பூட் ஆனால் நோய் இதுதான். வட்டு பாதி காலியாக இருந்தாலும் இது நேரும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கோப்புகளை முன்னாலிருந்து வரிசையாக அடுக்குவதில்லை, வட்டு நெடுகப் பரப்பி வைக்கும்.

இந்த வரம்புகளின் வரலாறு சுருக்கமாக: 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி வட்டோடு வந்தது. பிறகு 504 எம்பி, 8.4 ஜிபி, 137 ஜிபி என்று வரிசையாகச் சுவர்கள். 2002-ல் ஏடிஏ-6 தரம் 48 பிட் முகவரி தந்தது. சில பழைய பயாஸ்களுக்கு அது தெரியாது.

ஒரே கிளிக்கில் பூட்டைச் சரிசெய்வதாகச் சொல்லும் கருவிகளை நம்பிப் பொழுதைக் கழிக்காதீர்கள். கிரப்பை அவை திரும்ப எழுதும். ஆனால் அதனால் பயாஸின் கை நீளாது. மாறாக, வட்டின் தொடக்கத்திலேயே 1 ஜிபி அளவில் தனி பூட் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். பூட் கோப்புகளை அங்கே மாற்றி, எஃப்எஸ்டாப்பில் அதன் யூயூஐடியைச் சேர்த்து, கிரப்பை மறுபடி நிறுவுங்கள். பார்ட்டிஷன்களை நகர்த்துமுன் பேக்கப் கட்டாயம்.

கெர்னல் ஏறியபின் இனிட்ராம்எஃப்எஸ் திரையில் நின்றால் அது வேறு கதை. யூஎஸ்பி வட்டு சுழன்று தயாராவதற்குள் கெர்னல் தேடி ஏமாந்திருக்கலாம். கிரப் மெனுவில் கெர்னல் வரியின் முடிவில் rootdelay=10 என்று சேர்த்துப் பாருங்கள்.