ஒற்றைப் பின்னங்காலின் அற்புதம்

கறுப்பனுக்குப் பின்னங்கால் ஒன்றுதான். ஆடு மேய்க்கவென்று ஆஸ்திரேலியாவிலேயே உருவான கெல்பி இனத்தின் கலப்பு அவன். சிறுவயதில் வாகனம் மோதி வலது பின்னங்கால் நசுங்கியதால் அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மூன்று காலோடுதான் காப்பகத்திலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்தான். இப்போது கிழவன். மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். இந்த நிலையில், மிச்சமிருந்த அந்த ஒரே பின்னங்காலின் முழங்காலிலும் தசைநார் அறுந்துபோய் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அவனைத் தூக்கி, நடத்தி, மருந்து கொடுத்த நாட்களில் ஒரு நாயின் உடலுக்குள் படைத்தவன் என்னவெல்லாம் வைத்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்துக் கைகூப்பியிருக்கிறேன்.

முதலில் அந்த மூன்று காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு கால் உள்ள நாய் தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களிலும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களிலும் தாங்குகிறது. தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் முன்பக்கம் இருப்பதால் அப்படி. ஆகவே பின்னங்கால் ஒன்று போனால் பாரத்தை ஏற்க முன்பக்கம் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. நாய் தலையைச் சற்றுத் தாழ்த்தி எடையை முன்னே தள்ளுகிறது. எஞ்சிய பின்னங்காலை உடம்பின் நடுக்கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து ஊன்றுகிறது. வாலை ஒரு பக்கம் சாய்த்துச் சமநிலை பிடிக்கிறது. கால் எடுத்த பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளிலேயே எழுந்து நிற்கின்றன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதன் முன்னங்கால்களோ இன்னொரு விந்தை. மனிதனுக்குக் கையை உடலோடு பிணைக்க காறை எலும்பு இருக்கிறது. நாய்க்கு அது பெயரளவில் ஒரு துணுக்காக மட்டும் உண்டு. தோள்பட்டை எலும்பை முதுகெலும்புக் கூட்டோடு மூட்டு எதுவும் இணைப்பதில்லை. முன்பாரம் முழுவதும் தசைகளில்தான் தொங்குகிறது. ஓடிவந்து குதித்து இறங்கும் அதிர்ச்சியை அந்தத் தசைத் தொட்டில் வாங்கிக்கொள்கிறது. கறுப்பன் பல வருடம் ஒற்றைப் பின்னங்காலோடு குக்ஸ் ஆற்றங்கரைப் பாதையில் ஓடியது இந்த ஏற்பாட்டின் தயவில்தான்.

நம் சிவன் கோயில்களில் பிருங்கி முனிவர் மூன்று காலோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மையை விட்டு அப்பனை மட்டும் வலம் வந்ததால் உடலின் சக்தி முழுவதும் போய் நிற்கமாட்டாமல் விழுந்தவர். அவர் நிற்கவென்று சிவன் மூன்றாவது காலைக் கொடுத்தான் என்பது புராணம். சிறுவயதில் அந்தச் சிற்பம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கறுப்பனோடு வாழ்ந்த பிறகு அதில் இரக்கம்தான் தெரிகிறது. தண்டித்த இடத்திலும் நிற்க ஓர் ஊன்றுகோல் கிடைத்திருக்கிறது.

இனி முழங்காலுக்கு வருவோம். நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. நாம் முழங்காலை நிமிர்த்தி நிற்கிறோம். அது எப்போதும் முழங்காலை மடக்கியே நிற்கிறது. கணைக்கால் எலும்பின் மேல்தளம் தட்டையாகவும் இல்லை. சராசரியாக 25 பாகை அளவு பின்பக்கம் சரிந்திருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் தொடையெலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கிச் சறுக்கப் பார்க்கும். சறுக்காமல் பிடித்து வைப்பது மூட்டுக்குள் குறுக்கே ஓடும் ஒரு சிறு தசைநார். இங்கே எல்லோரும் ‘க்ரூஷியேட்’ என்று சொல்வது அதைத்தான். விளையாட்டு வீரர்களுக்கு இது ஒரு நொடியில் அறுவதுண்டு. நாய்களுக்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் நைந்து நைந்து, ஒரு நாள் சாதாரணமாக எழும்பும்போது விட்டுப்போகிறது. ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பிறகு மற்றக் காலிலும் அறுகிறது. கறுப்பனுக்கு மற்றக் கால் என்று ஒன்று இல்லை. இரண்டு காலின் வேலையை ஒன்றே செய்து களைத்திருந்தது.

அறுந்த தசைநாரைத் தைத்து ஒட்ட முடியாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மிருக வைத்தியர் பார்க்லே ஸ்லோக்கம் 1993 இல் வெளியிட்ட முறை வேறு திசையில் யோசித்தது. சரிவான கரையில் ஏற்றிக் கயிற்றால் கட்டிய வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கயிறு அறுந்தால் வள்ளம் சறுக்கும். புதுக்கயிறு தேடுவதற்குப் பதில் கரையையே சமமாக்கிவிட்டால் கயிறு தேவையில்லை. கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு 5 பாகை அளவுக்கு இறங்கும்வரை சுழற்றி, உலோகத் தகடும் திருகாணியும் வைத்து இறுக்குகிறார்கள். தகடு பாரத்தைத் தாங்குவதால் நாய் அடுத்த நாளே அந்தக் காலை ஊன்றலாம். வேறு பின்னங்கால் இல்லாத நாய்க்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

ஆனால் சத்திரசிகிச்சை வைத்தியரின் திறமை எலும்பை வரிசையாக வைத்து இறுக்குவதோடு முடிகிறது. எலும்பைச் சேர்ப்பது அவர் இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வெட்டுண்ட இடத்தில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவே அழைப்பாகி, சீர்செய்யும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. தகடு நெருக்கிப் பிடித்த விளிம்புகளில், எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்லிய சுரங்கம் குடைகின்றன. அவற்றின் பின்னாலேயே எலும்பு கட்டும் உயிரணுக்கள் வந்து அந்தச் சுரங்கத்தைப் புது எலும்பால் நிரப்புகின்றன. அழிப்பவையும் ஆக்குபவையும் ஒரே வரிசையில் நடக்கின்றன. தோலில் ஆறிய காயம் தழும்பு விடும். எலும்போ தழும்பில்லாமல், பழைய எலும்பாகவே திரும்புகிறது. இதற்குப் பொதுவாக எட்டுக் கிழமை பிடிக்கும். வயதான உடலுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் வைத்தியர் நாயைக் கட்டிய கயிற்றைத் தளர்த்தச் சொல்வார்.

பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது என்று பெர்லினில் ஜூலியஸ் வொல்ஃப் 1892 இல் எழுதினார். ஜப்பானில் ஃபுகடாவும் யசுடாவும் 1957 இல் எலும்பை அழுத்தினால் அதில் நுண்ணிய மின்னேற்றம் பிறக்கிறது என்று காட்டினார்கள். எலும்பு நாம் நினைப்பதுபோல் காய்ந்த தடி இல்லை. எங்கே பாரம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று உணர்ந்து அதற்கேற்பத் தன்னைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள பொருள்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கறுப்பன் போன்ற கிழவர்களைப் பராமரிப்பவர்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். சேரும் எலும்புக்கு அமைதி வேண்டும். குருத்தெலும்புக்கோ அசைவு வேண்டும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, அந்த அழுத்தத்தில்தான் மூட்டுநீரிலிருந்து உணவை உறிஞ்சுகிறது. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட அது வழுவழுப்பானது. மூட்டுநீருக்கு வழவழப்புத் தரும் ஹயலுரோனிக் அமிலத்தை 1934 இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் முதலில் கண்டெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்து. கண்ணைத் தெளிவாக வைப்பதற்கும் முழங்காலை வழுக்க வைப்பதற்கும் ஒரே பொருளை எடுத்திருக்கிறான் இறைவன்! முழுவதும் படுக்க வைத்தால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும், தொடைத் தசை வற்றும். ஓடவிட்டால் தகடு ஆடும். மூன்று கால் நாய்க்கு ஒவ்வோர் அடியும் அதே காலில்தான் விழுகிறது.

ஆகவே குறுகிய நடை, மெதுவான நடை, ஒரு நாளில் பல தடவை. கழுத்துப் பட்டியில் கயிறு எப்போதும் இருக்க வேண்டும். படி ஏறக்கூடாது, சோஃபாவில் தாவக்கூடாது. வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள வீதியோரப் புல்தான் முதல் கிழமைகளில் எங்கள் எல்லை. அவன் எழும்பும்போது அடிவயிற்றின் பின்பக்கம் ஒரு துவாயைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். நாயை வீட்டுக்குள் விடாத ஊரில் வளர்ந்தவர் எங்கள் மாமி. துவாயின் நுனியை முதலில் பிடித்தவர் அவர்தான். “நீர் முன்னுக்கு நடவும், நான் பின்னுக்குப் பிடிக்கிறன். வைரவரின்ர வாகனம் எல்லே, விழ விடலாமே?” என்றார். யாழ்ப்பாணத்து வைரவர் கோயில்களில் வடைமாலை சாத்திக் கும்பிட்டவருக்கு இது வழிபாட்டின் தொடர்ச்சியாகவே இருந்தது.

வழுக்கும் மரத்தளம் இந்த நாய்களுக்குப் பெரும் பகை. ஒற்றைப் பின்னங்கால் பக்கவாட்டில் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க மறுகால் இல்லை. அவன் நடக்கும் வழி முழுவதும் ரப்பர் அடிப்பாகமுள்ள விரிப்பைப் போட்டோம். பாதத்து மெத்தைகளின் நடுவே வளரும் மயிரை வெட்டினோம், நகத்தைக் குட்டையாக வைத்தோம். தண்ணீருக்குள் ஓடும் பட்டையில் நடக்க வைக்கும் பயிற்சி சிட்னியில் கிடைக்கிறது. தண்ணீர் இடுப்பு மூட்டளவு நின்றால் நாயின் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 38 சதவீதம் மட்டும்தான் என்று அளந்திருக்கிறார்கள். தையல் ஆறி, வைத்தியர் சம்மதித்த பிறகு கறுப்பனும் அதில் இறங்கினான். மூட்டு மடங்குகிறது, தசை உழைக்கிறது, எலும்புக்குப் பாரம் குறைவு. சிக்கலின் இரண்டு பக்கத்தையும் தண்ணீர் ஒரே நேரத்தில் தீர்த்துவைத்தது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாசத்தைச் சோற்றால் அளப்பது நம் பழக்கம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்களின் நடுத்தர ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குப் பிந்தியே வந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். நாலு காலுக்குப் பகிர வேண்டிய கொழுப்பை மூன்று காலில் ஏற்றுவது அன்பு ஆகாது.

நோ தணிக்கும் மருந்துகளிலும் படைப்பின் கை தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் மிருக வைத்தியர்கள் பல காலமாகக் கிழமைக்கு ஒன்றாக நாலு கிழமை போடும் பென்ரோசன் ஊசி, பீச் மரத்தின் கட்டையிலிருந்து எடுத்த பொருளால் ஆனது. மாதம் ஒரு முறை போடும் புதிய ஊசியின் கதை இன்னும் நீண்டது. முசோலினியின் இனச்சட்டத்தால் வேலையிழந்த யூதப் பெண் றீற்றா லெவி மொந்தால்சினி, இத்தாலியில் தன் படுக்கையறையில் கோழிக்கருவை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு 1950களில் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். 1986 இல் நோபல் பரிசு பெற்றார். தேய்ந்த மூட்டில் நோவைக் கூட்டுவதில் அந்தக் காரணிக்கும் பங்கு உண்டு. அதைக் கட்டிப் பிடிக்கும் எதிர்ப்புரதம்தான் இன்று கிழ நாய்களுக்கு ஊசியாகக் கிடைக்கிறது. எல்லா நாய்க்கும் அது ஒத்துவராது, முடிவு வைத்தியருடையது.

கறுப்பன் இப்போது துவாய் இல்லாமல் எழும்புகிறான். ஆற்றங்கரையில் ஓடுவதில்லை, மணந்து மணந்து நடக்கிறான். அவனுக்கு அது போதும்.

வயதான நாய் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நொண்டினால், படுத்த இடத்திலிருந்து எழும்பத் தயங்கினால், படியைக் கண்டு நின்றால், “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள். அது நோவாக இருக்கலாம்; நோவுக்கு மருந்து இருக்கிறது. உங்கள் அலுமாரியிலுள்ள ஐபுபுரோஃபென், பரசிற்றமோல் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் அவை கெடுத்துவிடும். வெங்காயம் போட்ட கறியும் முந்திரிகை வற்றலும் வேண்டாம். இந்தக் கிழமையே ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்து, மிருக வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.