சொன்னபடி கேட்கும் பெட்டி!

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கீழ்புத்துப்பட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும், அதைச் சூழ்ந்த காடும் இந்த ஊருக்குப் பெருமை. இலங்கைத் தமிழர்களின் முகாமும் இங்கே இருக்கிறது. வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள், வெள்ளை வெளேர் என்று தெரியும்.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் போவோம். கற்பனை வீடுதான். ஆனால் இப்படி ஒரு வீடு எந்தத் தெருவிலும் இருக்கும்.

வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. மகள் படிப்பதற்காக வாங்கியது. அம்மா உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். வயதான பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். எத்தனை நாள் வேலை செய்தோம், எத்தனை நாள் கூலி வந்தது என்ற கணக்கை மகள் கணினியில் எழுதி வைத்திருக்கிறாள். கணக்கு தமிழில்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை!

ஏன்? பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஆங்கிலம். எதை அழுத்துவது என்று தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். தன் கூலிக் கணக்கைத் தானே பார்க்க முடியாமல் தவிப்பது என்ன கொடுமை!

இதற்கு வழி உண்டா? உண்டு. அம்மா ஆங்கிலம் படிக்க வேண்டியது இல்லை. பெட்டியைத் தமிழ் பேச வைத்தால் போதும்.

ஓட்டல் பலகை

கணினித் திரையின் மேலே சில சொற்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும். ஓட்டலில் இட்லி, தோசை, வடை என்று பலகையில் எழுதி வைப்பார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான் இது. அதற்கும் 'மெனு' என்றே பெயர். தமிழில் 'பட்டி' என்கிறார்கள்.

ஓட்டல் பலகையை அழித்து வேறு மாதிரி எழுதலாம். கணினிப் பட்டியையும் அப்படியே மாற்றலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. கடையில் கொடுத்தபடியே கடைசி வரை வைத்துக்கொள்கிறார்கள்.

முத்தையா செய்த வேலை

இயந்திரத்தைத் தமிழுக்கு வளைத்த முதல் ஆட்கள் இன்றையவர்கள் அல்ல. தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சுப் பொறியிலோ ஐம்பது விசைகள்கூட இல்லை. அத்தனை எழுத்தையும் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். புள்ளி போன்ற சில குறிகளுக்கு 'நகரா விசை' வந்தது. அதை அழுத்தினால் குறி விழும், காகிதம் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். என்ன அருமையான யோசனை!

பிறகு கணினி வந்தது. ஆளுக்கு ஒரு விசைப்பலகை என்று குழப்பமும் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ஒரு மாநாடு நடந்தது. அதை ஒட்டித் தமிழக அரசு 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. இதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 எழுத்துகள் தெரிந்தால் அடிப்படை முடிந்தது. 'அம்மா' என்று எழுத வேண்டுமா? அ, ம, ம, ஆ என்று தட்டுங்கள். நடுவில் வரும் புள்ளியைப் பெட்டியே வைத்துக்கொள்ளும்!

பட்டியில் தமிழ்

எழுதுவது தமிழில் ஆயிற்று. பட்டி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதுமா?

1996ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் ஒரு குறை சொன்னார். லினக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, சாதாரண மக்களால் பழக முடியவில்லை என்றார். குறை சொன்னதோடு நிற்கவில்லை. 'கே.டி.இ.' என்ற திரை அமைப்பைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். காசு இல்லை!

தமிழர்கள் சும்மா இருப்பார்களா? பல நாடுகளில் இருந்த தமிழ் இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, பட்டியில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். கோப்பு, தொகு, சேமி, உதவி என்று வந்தன. சண்டைகளும் வந்தன! இங்கே 'கணினி' என்போம். இலங்கையில் 'கணனி' என்று எழுதும் வழக்கம் உண்டு. எதைப் போடுவது? இந்தச் சண்டை நல்ல சண்டை.

2007ஆம் ஆண்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. அதிலும் தமிழ் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை வீடுகளில் அதைத் திறந்து பார்த்தார்களோ!

ஒரு தடை

விண்டோஸிலும் தமிழ் வைக்கலாம். அமைப்புகள் பகுதியில் மொழி என்ற இடத்துக்குப் போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும். இணையம் வேண்டும். ஒரு முறை வெளியேறி உள்ளே வந்தால் பட்டி தமிழில் இருக்கும். அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும், பரவாயில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைகளில் விற்கும் பல மடிக்கணினிகளில் 'ஒற்றை மொழி' விண்டோஸ் இருக்கிறது. அதில் திரையின் மொழியை மாற்ற விடமாட்டார்கள்! வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் சொல்லிக்கொடுத்து வருகிறது.

இரண்டு விரல் போதும்

பட்டியைத் தேடாமலே வேலையை முடிக்கவும் வழி உண்டு. அதுதான் சுருக்குவிசை. கண்ட்ரோல் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வெட்டும். சி அழுத்தினால் நகல் எடுக்கும். வி அழுத்தினால் ஒட்டும். வெட்டி ஒட்டும் இந்த முறையைக் கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் லாரி டெஸ்லர். அவர் 2020இல் காலமானார். தவறானதை அடிக்கப் பெருக்கல் குறி போடுகிறோம் அல்லவா? அதனால் வெட்டுவதற்கு எக்ஸ். எழுத்தை இடையில் சொருகக் காட்டும் குறி போல இருப்பதால் ஒட்டுவதற்கு வி. தவறிப் போய் எதையாவது அழித்துவிட்டால் பயப்பட வேண்டாம். கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் போனது திரும்பி வரும்!

புதிய சுருக்குவிசையை நாமே வைக்கவும் முடியும். விண்டோஸில், திறக்க வேண்டிய கோப்புக்கு முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழி வைக்க வேண்டும். அதன் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, பண்புகள் என்ற பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே சுருக்குவிசைக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓர் எழுத்தைத் தட்டினால், கண்ட்ரோலும் ஆல்ட்டும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். லினக்ஸில் விசைப்பலகை அமைப்புகளில் இந்த வேலையைச் செய்யலாம். வேண்டாத பெயர்களைப் பட்டியிலிருந்து எடுத்துவிடவும் செய்யலாம். எண்பது பெயர் எதற்கு? அம்மாவுக்கு வேண்டியது நான்கு!

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியைத் தமிழுக்கு மாற்றினாள். கூலிக் கணக்குக்கு ஒரு சுருக்குவிசை வைத்தாள். மூன்று விசைகளிலும் மஞ்சள் காகிதம் ஒட்டினாள்.

திங்கட்கிழமை மாலை. மகள் இன்னும் வரவில்லை. அம்மா கை கழுவிவிட்டு வந்து மஞ்சள் விசைகளை ஒன்றாக அழுத்தினார். கணக்கு திறந்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

போன வாரத்தில் இரண்டு நாள் கூலி வரவில்லை.