முதிரைப் பலகையில் டீவி மேசை: முற்பணம் கொடுக்கும் முன் கேட்கவேண்டிய கடதாசி

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கும் குறிஞ்சிப்பிட்டியின் காற்றில் உப்பு ஓயாமல் இருக்கிறது. கடையில் வாங்கிய தூள்பலகை டீவி ஸ்டாண்ட் இங்கே அதிக காலம் தாங்குவதில்லை. விளிம்பில் ஒட்டிய தாள் கழன்றதும் பலகை ஈரம் குடித்து ஊதும், ஸ்குரூ துருவேறிப் பிடிவிடும், 55 அங்குல டீவி ஒரு பக்கம் சாயும். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய காசு அதன்மேல் நிற்கிறது. ஆகவே பலர் கடையை விட்டு ஓடாவியாரிடம் போய், அசல் மரத்தில் ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்கிறார்கள். நல்ல முடிவு. காசு ஊருக்குள்ளேயே நிற்கும், கைத்தொழில் வாழும், சாமானும் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.

சிக்கல் தொடங்குவது பலகை தெரிவு செய்யும் இடத்தில். "நானா, நல்ல பூ உள்ள முதிரை ரெண்டு பலகை கிடக்கு. மரக்காலை விலையில பாதிதான். ராவைக்குக் கொண்டுவந்து இறக்கித் தாறன், பில் மட்டும் கேக்காதீங்க." இப்படி ஒருவர் வந்து சொன்னால், அந்தப் பேச்சிலேயே மூன்று ஆபத்துகள் இருக்கின்றன: பாதி விலை, இரவு நேரம், இல்லாத பில்.

பலகையில் தெரியும் அந்தப் பூவும் அலையும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் விலையின் காரணமும் புரியும். பெரும்பாலான மரங்களில் நார் ஏறத்தாழ நேராக ஓடும். முதிரையில் சில வருட வளர்ச்சியின் நார் இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வருடங்களின் நார் வலப்பக்கம் சாயும். சில மரங்களில் அதுவே நெளிந்தும் ஓடும். சீவி மெருகேற்றும்போது ஒவ்வொரு பட்டையும் வெளிச்சத்தை வேறு வேறு பக்கம் திருப்புவதால்தான், நாம் நகர்ந்தால் பலகையும் அசைவதுபோல் தோன்றுகிறது. எல்லா முதிரையிலும் இது இருக்காது. மெதுவாக வளர்ந்து முற்றிய மரத்தின் வைரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். சிங்களத்தில் புருத்த எனப்படும் இந்த மரம் இலங்கையின் உலர்வலயக் காடுகளுக்கும் தென்னிந்தியாவுக்கும் உரியது. அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதைப் பட்டியலிட்டிருக்கிறது.

இந்த நாட்டின் அழகான மரங்களுக்கு நடந்ததை நாம் மறக்கக்கூடாது. கபில நிறத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் கலமண்டர் இலங்கைக்கு மட்டுமே உரிய கருங்காலி இனம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் அதை வெட்டி அலுமாரியும் பெட்டகமும் செய்தார்கள். 1859இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட், அது அப்போதே அரிதாகிவிட்டதைப் பதிந்திருக்கிறார். முதிரையோ பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முழுப் பாலமாகவே நின்றது. 1830களில் கட்டிய அந்தப் பாலம் 1905 வரை பாவனையில் இருந்தது. ஒரு பாலத்துக்கே போதுமாக இருந்த மரம் இன்று ஒரு டீவி மேசைக்கே திருட்டுத்தனமாக வருகிறது என்றால், புத்தளம், வண்ணாத்திவில்லுப் பக்கக் காடுகளில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காடுகள் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, 2009இல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. அரச காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது மட்டும் குற்றமல்ல. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரத்தை ஏற்றிச் செல்வதும் குற்றம். சில மரங்களுக்கு விலக்கு உண்டு. காட்டு முதிரையை அந்த வரிசையில் வைத்து யாரும் ஏமாறவேண்டாம். பிடிபட்டால் மரம் மட்டும் போகாது, ஏற்றிய வாகனமும் அறுத்த கருவிகளும் பறிமுதலாகலாம். லொறிக்காரருக்கும் ஓடாவியாருக்கும் அது பிழைப்பே போகும் இழப்பு. வாங்கியவரும் தப்பிவிட்டதாக எண்ணக்கூடாது. களவுப்பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் ஒன்றை நேர்மையற்று வாங்கி வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பாதி விலையும் இரவு இறக்கலும் அப்படியான காரணம் இல்லை என்று நீதிமன்றத்தில் வாதிடுவது இலகுவல்ல.

ஆகவே கேட்கவேண்டியது பலகையின் வரலாறு. அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கியிருந்தால் அதன் பற்றுச்சீட்டு இருக்கும். தனியார் மரக்காலை என்றால், அது வன திணைக்களத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். மர ஆலைகளும் மரம் விற்கும் இடங்களும் தளபாடத் தொழிலகங்களும் பதிவு பெற்றே இயங்கவேண்டும். பற்றுச்சீட்டில் மரத்தின் பெயர், அளவு, திகதி மூன்றும் எழுதப்பட்டிருக்கவேண்டும். "பலகை" என்று மட்டும் எழுதிய துண்டு உங்களைக் காப்பாற்றாது. உங்கள் சொந்த வளவில் நின்ற மரமானால், வெட்டும் முன்பே கிராம அலுவலரிடம் காணி உரித்தை உறுதிப்படுத்தி, கற்பிட்டிப் பிரதேச செயலகத்தில் அனுமதி பற்றி விசாரியுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், அது உங்கள் முற்றத்து மரமாக இருந்தாலும். பழைய வீட்டை இடித்து எடுத்த உத்தரத்தையும் கதவையும் இன்னொரு ஊருக்கு ஏற்றுவதாயின், முதலில் வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். விண்ணப்பத்துக்குப் பதிலே வராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது எந்த நிலையில் கிடக்கிறது என்று எழுத்தில் கேட்டால், அந்தத் தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

பூவுள்ள பலகைதான் வேண்டும் என்றால் காட்டைத் தொடாமலே வழி உண்டு. முற்றிய வேம்பின் வைரம், பூவரசின் கருஞ்சிவப்பு, அனுமதியுடன் தறித்த பனையின் கறுப்புக் கோடு எல்லாமே கண்ணைப் பறிப்பவை. முன்பக்கக் கதவுக்கு மட்டும் பூவுள்ள மரத்தை வைத்து, உள்தட்டையும் பின்பலகையையும் சாதாரண மரத்தில் செய்யலாம். நல்ல ஓடாவிமார் எப்போதும் அப்படித்தான் செய்தார்கள்.

ஓடாவியாரின் உடம்பைப் பற்றியும் பேசவேண்டும். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தானியக் கப்பல் தளங்களில் இந்த மரத்தில் வேலைசெய்த தச்சர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். எந்த மரத்தூளானாலும் நெடுங்காலம் சுவாசிப்பது மூக்குக் குழிகளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூளை உறுதிசெய்யப்பட்ட புற்றுநோய்க் காரணிகளோடு சேர்த்தது. முகத்தில் கட்டிய துவாய் இதற்குப் போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் தூசுமுகமூடி வேண்டும், பட்டறைக்கு இரண்டு பக்கமும் காற்றோட்டம் வேண்டும். லாக்கரும் தின்னரும் அடிக்கும் அறையில் பீடியும் அடுப்பும் கூடாது. வேலை தருபவர் கூலியைப் பேசும்போது முகமூடிக்கும் சேர்த்துப் பேசினால் அது தர்மம் மட்டுமல்ல, நீதி.

மேசை வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஆபத்து பிள்ளைகளுக்கானது. இழுப்பறையைப் படியாக்கி ஏறும் சின்னப் பிள்ளையின்மேல் டீவியும் மேசையும் சேர்ந்து சரிந்த மரணங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இழுப்பறைத் தளபாடங்கள் சரியாமல் நிற்கவேண்டும் என்று அமெரிக்கா 2022இல் தனிச் சட்டமே இயற்றியது. நமக்கு அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேசையின் பின்பக்க மேல்சட்டத்தை இரண்டு இடத்தில் சுவரோடு பிணைக்கச் சொல்லுங்கள், டீவியையும் தனிப் பட்டியால் பிணையுங்கள். துவாரமுள்ள சீமெந்துக் கல் சுவரில் சாதாரண ஆணி நிற்காது, அதற்குரிய பூட்டாணி போடவேண்டும். ஸ்குரூவும் பிணைச்சலும் பித்தளையோ துருவேறா உருக்கோ ஆகட்டும். டீவியின் சூடு வெளியேறப் பின்பலகையில் இடம் விடுங்கள். மேசைக்குப் பின்னால் ஒரே மல்டி பிளக்கில் டீவியையும் குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்துக் கொழுவவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் மின்வயரோடு அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

முற்பணம் கொடுக்கும்போது ஒரு கொப்பித் தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மரம், எந்தப் பகுதியில் பிளைவூட், பலகையின் தடிப்பு, தரும் திகதி, கொடுத்த காசு, மிச்சம், வெடித்தால் யார் பொறுப்பு. இருவரும் கையெழுத்திடுங்கள். மொத்தக் காசையும் முதலிலேயே கொடுக்கவேண்டாம். மரம் காய்ந்ததா என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஓர் அங்குலப் பலகை நிழலில் காற்றுப்பட அடுக்கி ஏறத்தாழ ஒரு வருடம் காயவேண்டும். பச்சையாக வைத்துச் செய்தால் மாரியில் ஊதி, கோடையில் வெடிக்கும்.

முதிரை என்று சொல்லி வேறு மரத்தில் செய்து தந்தால் அது பொய்க் கூற்று. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டம். முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கிய 3 மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஊருக்குள் தீர்க்க விரும்பினால் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். இது ஓடாவியாருக்கும் உரிய வழிதான். வேலையை வாங்கிக்கொண்டு மிச்சக் காசைத் தராதவரை அவரும் அங்கே அழைக்கலாம். பத்திரமில்லாத மரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் வேலையை மறுக்கவும் அவருக்கு முழு உரிமை உண்டு.

சிங்களத்தில் எழுதத் தெரியாது என்று பலர் முறைப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. வடகிழக்குக்கு வெளியே இருக்கும் புத்தளம் மாவட்டத்திலும் எந்த அரச அலுவலருக்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் ஏற்றுக்கொண்ட திகதி முத்திரையைப் பதியச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். 3 மாதத்துக்குள் முறையிட்டீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.